புது சிம்மில் வந்த ரிங்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் செல்போனில் யாரும் பேசமாட்டோம் என்று சொன்னால், என்னோடு வேலை பார்க்கும் இளம் ஆசிரியைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் விதிவிலக்கு. மற்ற நாட்களில் அது மணியடிக்கும், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம், அது நிற்கும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான். வீட்டு ஆண்கள் சவூதியில் இருந்தார்கள், துபாயில் இருந்தார்கள், குவைத்தில் இருந்தார்கள். அங்கிருந்து பேசினால் காசு ஓடும். ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிட்டால் ஓடாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. அக்காவும் மச்சானும் வைத்திருந்தது ரொம்ப எளிமையானது. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் மச்சான் ஒரு ரிங் கொடுப்பார். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். அக்கா திருப்பி ஒரு ரிங் கொடுப்பாள். நாங்களும் நல்லா இருக்கோம். அவர் அடுத்தடுத்து இரண்டு ரிங் கொடுத்தால், சீக்கிரம் பேசுகிறேன், போனை விட்டு நகராதே. என்ன ஆனாலும் போனை எடுத்துவிடக் கூடாது. அம்மா ஒருமுறை மறதியில் எடுத்து ஹலோ சொல்லிவிட்டாள் என்று அக்கா அன்று முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மச்சான் சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டினார். கல்யாணமான வருடமே போனவர், இடையில் இரண்டு முறைதான் ஊருக்கு வந்திருந்தார். அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள், தன் மகளோடு. பகலெல்லாம் சாதாரணமாகத்தான் இருப்பாள். பாத்திரம் தேய்ப்பாள், அண்டை வீட்டுக்காரியோடு சண்டை போடுவாள், என் துப்பட்டாவைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வாள். இரவு இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்ததும் ஆள் மாறிவிடுவாள். போனைக் கையில் எடுத்துக்கொள்வாள். கேட்டதற்குப் பதில் வராது. ரிங் வந்துவிட்டால் அந்த நொடியில் பழையபடி ஆகிவிடுவாள்.

“மச்சான் ரிங் குடுத்தாத்தான் ஒனக்கு உசுரே வரும் போல” என்று நான் கேலி செய்வேன்.

“ஒனக்குக் கல்யாணம் ஆவட்டும்டி. அப்பப் பேசுறேன் ஒன்ட்ட” என்பாள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அந்த ரிங்தான் அவளுக்குக் குடும்ப வாழ்க்கை. மற்றவர்கள் ஒரே வீட்டில் இருந்து நாள் முழுக்க வாழ்ந்ததை அவள் அந்த ஒரு மணிச் சத்தத்தில் வாழ்ந்தாள். இதைக் கேட்டு யாராவது உச்சுக் கொட்டினால் எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை.

அந்த வருடம் ஊருக்கு வந்த ஒருவரிடம் மச்சான் ஒரு கேமரா போன் கொடுத்தனுப்பினார். எங்கள் சிம்மை அதில் மாட்டிக்கொண்டோம். அக்கா மகளுக்கு அப்போது ஆறு வயது. முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்திருந்தன. வெள்ளிக்கிழமை பேசும்போது அவள் அப்பாவை ‘அத்தா’ என்று கூப்பிட்டால் காற்றுதான் வந்தது. மச்சானுக்கு அதைக் கேட்டதிலிருந்து ஒரே ஆசை.

“புதுப்பல்லு முளைச்சிடுறதுக்குள்ள அந்த மொகத்தை எனக்குப் படம் புடிச்சு அனுப்புங்க. போன்லேர்ந்தே ஈமெயில் பண்ணலாமாம்” என்றார்.

அவருக்கு ஈமெயில் கிடையாது. அவருடைய அறையில் ஆண்டிமடத்துக்காரர் ஒருவர் இருந்தார். முந்திரிக்காட்டுக் குடும்பம். எங்களவர் இல்லை, ஆனால் மச்சானுக்கு அங்கே தம்பி மாதிரி அவர்தான். நோன்பு மாதத்தில் மச்சானோடு சேர்ந்து அவரும் பகலில் சாப்பிடமாட்டார் என்று மச்சான் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அந்த ஆளின் ஈமெயிலுக்கு அனுப்பினால் மச்சான் பார்த்துவிடுவார். ஏதாவது அவசரம் என்றால் இருக்கட்டும் என்று அவருடைய நம்பரையும் முன்பே எங்கள் போனில் பதிந்து வைத்திருந்தோம்.

பெரம்பலூரில் பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே கொண்டுபோனால் அரை மணி நேரத்து வேலை. ஆனால் படத்தில் அக்காவும் இருக்கிறாள், மகளைப் பிடித்துக்கொண்டு. “அந்தத் தம்பி பாத்தா பரவால்ல. கடையில எவனோ கம்ப்யூட்டர்ல என் மூஞ்சி கெடக்கணுமா?” என்று அக்கா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அப்படியானால் போனிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அதற்கு எங்கள் பழைய சிம் உதவாது, அதே நம்பருக்குப் புது சிம் மாற்றினால் நெட் வேகமாக இருக்கும் என்று எங்கும் ஒட்டியிருந்தார்கள். நான் அப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சிம்மும் என் பெயரில்தான் இருந்தது. ஒரு வியாழக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினேன்.

“இஷாவுக்குள்ள வந்துருவல்ல?” என்று அக்கா வாசல் வரை வந்து கேட்டாள். நான் பஸ் ஏறப்போகையில் தெருமுனை வரை வந்து இன்னொரு முறை கேட்டாள்.

பள்ளி விட்டதும் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த செல் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார், எங்கோ போன் செய்து எண்களை வாசித்தார். பிறகு போனின் முதுகைக் கழற்றிப் பழைய சிம்மை எடுத்தார்.

“பேரெல்லாம் போன்ல இருக்கா, சிம்ல இருக்காம்மா?” என்று கேட்டார்.

“போன்லதாங்க இருக்கு” என்றேன். போனைத் திறந்தால் பெயர்கள் தெரிகின்றன, பிறகு வேறு எங்கே இருக்கும்?

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பழைய சிம்மைக் கட்டைவிரலால் மடித்தார். டப்பென்று உடைந்தது. “இனிமே இது செல்லாது. புதுசு சாயந்தரத்துக்குள்ள டவர் எடுத்துரும். நெட்டு சும்மா பறக்கும் பாருங்க” என்று சொல்லிக் கூடையில் போட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே வந்தேன். குன்னம் வரைக்கும் ஒன்றுமில்லை. குன்னம் தாண்டியபின் திரையின் ஓரத்தில் ஒரு கோடு வந்தது, இரண்டாயிற்று, நான்காயிற்று. எனக்கு அத்தனை சந்தோஷம். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மாளிடம் காட்டினேன். அவர் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் ஒரு பெயரும் இல்லை. எல்லாம் அந்த உடைந்த துண்டோடு போயிருந்தது. மச்சான் நம்பர் யாருக்கும் மனப்பாடம் கிடையாது. அங்கே சலுகைக்குத் தகுந்தபடி அவர் அடிக்கடி நம்பர் மாற்றுவார். கடைசியாக மாற்றியது போன மாதம். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

“இதுக்கு ஏன் இப்புடி ஒக்காந்துட்ட? ராத்திரி ரிங் வரும்ல, அந்த நம்பரைப் பதிஞ்சுக்க. வேலை முடிஞ்சுது” என்றேன்.

அவளுக்கும் அது சரியாகப் பட்டது. அதற்குள் படத்தை அனுப்பினோம். ஈமெயில் முகவரியை மச்சான் எழுத்து எழுத்தாகச் சொல்லி நான் ஒரு தாளில் குறித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். புது சிம் பறக்கவெல்லாம் இல்லை. நத்தையாக ஊர்ந்து ஊர்ந்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. அக்கா மகள் ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு ஆடினாள்.

இஷா முடிந்து வழக்கமான நேரத்துக்கு ரிங் வந்தது. நீளமான எண், சவூதி எண்தான். ஒரே ரிங். நின்றுவிட்டது.

“வந்துட்டாங்க” என்றாள் அக்கா.

போனை என்னிடம் தரவில்லை. தானே உட்கார்ந்து, அந்த எண்ணுக்கு மேல் மச்சானின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் பதிந்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு திருப்பி ஒரு ரிங் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அங்கே விடுமுறை. ஜும்மா தொழுதுவிட்டு வந்து மச்சான் பேச வேண்டும். எங்கள் சாப்பாட்டு நேரம் போய், அஸர் தொழுகை போய், பொழுது சாய்ந்து மஃரிபும் போயிற்று. பேச்சு வரவில்லை. ஆனால் நடுவில், யாரும் எதிர்பாராத ஒரு நேரத்தில், போன் ஒருமுறை அடித்தது. திரையில் மச்சானின் பெயர். அக்கா ஓடிவந்து பார்த்தாள்.

“இன்னைக்கும் வேலை குடுத்துட்டான் போல பாவி. வண்டியில இருந்துக்கிட்டே ரிங் குடுக்குறாங்க” என்று முதலாளியைத் திட்டிவிட்டுத் திருப்பி ரிங் கொடுத்தாள். இரவு இஷாவுக்குப் பிறகும் ஒரு ரிங் வந்தது. நன்றாகச் சாப்பிட்டாள். நாங்கள் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டோம். மச்சான் படத்தைப் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பார் என்று பேசிக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை அடுத்தடுத்து இரண்டு ரிங். அக்கா அன்று போனை விட்டு நகரவில்லை. வெங்காயம் அரியும்போது மடியில், துணி காயப்போடும்போது ரவிக்கைக்குள். படத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடப்போகிறார் என்று மகளுக்குத் தலைசீவி, புதுப் பாவாடை கட்டி உட்கார வைத்தாள். போனில் பேசுவதற்கு எதற்குப் பாவாடை என்று நான் கேட்டதற்கு, சும்மா இரு என்றாள்.

அஸர் தொழுகைக்குப் போன எங்கள் அத்தா, ஜமாஅத்தில் இருந்து இரண்டு பெரியவர்களோடு திரும்பி வந்தார். அவர் தலை நிமிரவில்லை. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார். பெரியவர்களில் ஒருவர்தான் சொன்னார். சவூதியில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிவாசலுக்குப் போன் செய்திருக்கிறார்கள். வியாழக்கிழமை மதியம் மச்சான் ஓட்டிய லாரி கவிழ்ந்துவிட்டது. அங்கேயே மவுத்து.

அக்கா அழவில்லை. ஏதோ தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவர்களைப் பார்ப்பது போல அவர்களைப் பார்த்தாள்.

“இல்லீங்க மாமா. இன்னைக்குக் காலையில ரெண்டு ரிங் குடுத்தாங்களே” என்றாள். கோபம் கூட இல்லை அந்தக் குரலில், பொறுமையாகச் சொன்னாள். “நேத்தும் குடுத்தாங்க. வியாழக்கிழமை ராத்திரியும் குடுத்தாங்க. இந்தா பாருங்க.”

போனை எடுத்து நீட்டினாள். வந்த அழைப்புகளில் மச்சானின் பெயர், மச்சானின் பெயர், மறுபடி மச்சானின் பெயர். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் அந்த நேரம் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியவில்லை. வேறு யாரோ இறந்திருக்கிறார்கள், ஆள் மாறிப்போய்விட்டது! சவூதியில் லாரி ஓட்டும் தமிழன் ஒருவனா இருவரா? எங்கள் வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டோம். யாரோ ஒரு வீட்டில் இழவு, எங்கள் வீட்டில் இல்லை என்று நான் மனதார நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது?

“எடுங்க அத்தா. நீங்களே பேசிப் பாருங்க. காசு போனா போவுது” என்றாள் அக்கா.

அத்தா அந்தப் பெயரை அழுத்திப் போனைக் காதில் வைத்தார். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மாப்ளே” என்றார் அத்தா. பிறகு, “யாரு?” என்றார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். போனுக்குள் ஓர் ஆண் அழும் சத்தம் எனக்கே கேட்டது. ஆண்டிமடத்துக்காரர்தான். அந்த நம்பர் அவருடையது. மூன்று நாட்களாக வந்த ரிங் எல்லாம் அவர் கொடுத்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மச்சானை அங்கேயே அடக்கம் செய்தார்கள். நாங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அக்கா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்த பெண் அந்த மாதங்களில் வெளியாட்கள் முன் வருவதில்லை, ஒரு அறையோடு சரி. அவள் அழுததைவிட என்னை வாட்டியது வேறு ஒன்று. அந்த இரண்டு இரவும் தான் வயிறு நிறையச் சாப்பிட்டதை நினைத்து நினைத்து அவள் தன்னையே ஏசிக்கொண்டாள். “அங்க அவங்க மய்யித்தா கெடக்கைல, நான் மீன் கொழம்பு ஊத்திச் சாப்புட்டுருக்கேன்டி” என்பாள். எத்தனை சமாதானம் சொன்னாலும் கேட்கமாட்டாள். எனக்கு என் மேல் கோபம் இல்லை, சிம் கடைக்காரர் மேல்கூட இல்லை. ஆண்டிமடத்துக்காரர் மேல்தான் அத்தனை ஆத்திரமும். ஓர் ஆண்பிள்ளைக்கு நான்கு வார்த்தை சொல்லத் துணிவில்லையா? அந்த ஆள் என்றைக்காவது எதிரில் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

இத்தா முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவர் வந்தார். லீவில் ஊருக்கு வந்தவர், ஆண்டிமடத்தில் இருந்து ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறி மாறி எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். நான் மீசையும் தோளுமாக ஒரு ஆளை நினைத்து வைத்திருந்தேன். வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். மச்சானின் சட்டை, கைக்கடிகாரம், தொழுகைப் பாய், பாதி தீர்ந்த ஒரு அத்தர் குப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். கூடவே தங்கள் தோட்டத்து முந்திரிப்பருப்பு ஒரு பை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அக்கா உள்ளறை நிலைப்படிக்கு அந்தப் பக்கம், தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அம்மாவும் நானும் நடுவில்.

என் கேள்விகளையெல்லாம் நான் வரிசையாக வைத்திருந்தேன். அதற்கு இடம் கொடுக்காமல் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“எல்லாரும் என்னைத்தாங்க சொல்லச் சொன்னாங்க. ஒங்க நம்பர் எங்கிட்டதான் இருந்துச்சு. அடிப்பேன். ஒரு ரிங் போவும். அக்கா எடுத்துட்டா என்னன்னு சொல்றதுன்னு கையி தன்னால கட் பண்ணிரும்.” தரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார். “ஒடனே ஒங்கள்டேர்ந்து திருப்பி ஒரு ரிங் வரும். எனக்கு ஈரக்கொலையே நடுங்கும்க்கா. தெரிஞ்சுதான் கேக்குறாங்க போலன்னு நெனைப்பேன். அப்பயும் எடுக்க வராது. அந்தப் படம் வந்தப்ப அதைத் தொறந்து பாத்துட்டு ரூமை விட்டே ஓடிட்டேன்.”

அழாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பார். முடியவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு என் கோபத்தைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அது அங்கேதான் இருந்தது, ஆனால் அவர் மேல் வீசுவதற்குக் கை வரவில்லை.

நிலைப்படிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா பேசினாள்.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்கக்கா.”

“மொதல்ல வந்துச்சே, வியாழக்கிழமை இஷாவுக்கு... அவங்க போன்ல காசு இல்லாட்டி ஒங்க போனை வாங்கி அடிப்பாங்கள்ல?”

வியாழக்கிழமை மதியமே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். இத்தாவை நாள் எண்ணத் தொடங்கியதே அந்த மதியத்திலிருந்துதான். அம்மா அவளை அதட்ட வாயெடுத்தாள், நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முதன்முறையாகத் தலையை உயர்த்தி அந்தக் கதவுப் பக்கம் பார்த்தார்.

“ஆமாங்கக்கா” என்றார். “அன்னிக்கு என் போனைத்தான் வாங்குனாரு. அது மட்டும் பாய் அடிச்சதுதான்.”

அக்கா தலைச்சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“அதான. அவங்க மறக்குற ஆளு இல்ல” என்றாள்.